சுமக்கும் வாயும் ஏற்கும் மண்ணும்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கு ஒரு முறையாவது மரம், செடி, கொடி பற்றி யாராவது இந்த ஊர் மக்களிடம் பேச வேண்டும் என்று விரும்பி, தம் சேமிப்பின் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு, மழைக்காட்டு விலங்குகள் விதை பரப்பும் முறையை எடுத்துக்கொண்டேன். சென்னையில் நின்றுகொண்டு மழைக்காட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். அந்தக் காட்டின் கதையில் நம் தெருவின் கதையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மரம் அடுத்த தலைமுறையை எப்படி அடைகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பது விளங்கும். அதைச் சொல்லவே வந்தேன்.

1. மயிலையின் புன்னை

கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. அம்மை மயில் வடிவில் ஈசனை வழிபட்டது புன்னையடியில் என்பது தலபுராணம். திருஞானசம்பந்தர் பூம்பாவைத் திருப்பதிகத்தில் மயிலையைப் புன்னைகள் நிறைந்த கடற்கரைச் சோலையாகவே காட்டுகிறார். பழைய கோயில் இப்போதிருக்கும் இடத்தில் இல்லாமல் கடலோரத்தில் இருந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஆக, புன்னை இந்த ஊருக்கு யாரோ கொண்டுவந்து வைத்த அலங்காரம் இல்லை. இது அதன் சொந்த நிலம்.

புன்னையின் காய் உருண்டையானது. பச்சைத் தோல், அதற்கடியில் மெல்லிய சதை, உள்ளே கெட்டியான ஓடு, ஓட்டுக்குள் எண்ணெய்ப் பருப்பு. அந்த எண்ணெயில் ஒரு காலத்தில் விளக்கெரித்தார்கள். ஓடு நீரில் மிதக்கும் என்பதால் கடல் அலை அதைக் கரை கரையாகக் கொண்டுபோகிறது. ஆனால் அலை கடலோரத்தோடு நின்றுவிடும். கரையிலிருந்து உள்ளே, தெருவுக்குள், தோட்டத்துக்குள் புன்னையைக் கொண்டுவருவது பழந்தின்னி வௌவால். இரவில் காயைக் கவ்வி வேறொரு மரத்துக்குப் பறந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தோலையும் சதையையும் கடித்துத் தின்று கொட்டையை அப்படியே நழுவவிடும். காலையில் வாசல் தெளிக்கும்போது, புன்னையே இல்லாத வீட்டு முற்றத்தில் புன்னைக் கொட்டை கிடக்கும் வழி இதுதான்.

தலமரத்தைச் சுற்றி வருபவர்கள் நூற்றாண்டுகளாக அதைக் காத்திருக்கிறார்கள். அதே நூற்றாண்டுகளில் அதைப் பெருக்கிய வௌவாலைப் பற்றி நாம் அவ்வளவாக நினைத்ததில்லை. இன்றைய பேச்சு அந்தப் பெருக்குபவர்களைப் பற்றியது.

2. மரம் ஏன் பழம் தருகிறது

நகர முடியாத உயிருக்குத் தன் பிள்ளைகளைத் தள்ளி அனுப்ப வேண்டிய கட்டாயம் இருக்கிறது. தள்ளி அனுப்பாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க உயிரியலாளர் டேனியல் ஜான்சன் 1970-இலும், ஜோசப் கானெல் 1971-இலும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். ஜான்சன் மத்திய அமெரிக்கக் காடுகளையும் கானெல் ஆஸ்திரேலியக் காடுகளையும் பார்த்தவர்கள். தாய்மரத்தின் கீழ் விழும் விதைகள் குவியலாகக் கிடக்கும். அந்த இனத்தையே தேடித் தின்னும் வண்டும், அந்த இனத்தையே தாக்கும் பூசணமும் அங்கே கூடும். எனவே தாயின் நிழலில் பிழைக்கும் கன்றுகள் மிகக் குறைவு, விலகிப் போனவற்றுக்கே வாழ்வு. மழைக்காட்டில் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு அதே இனத்தின் இன்னொன்றைத் தேடினால் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறதே, ஒரு சிறு பரப்பில் அத்தனை இனங்கள் நெருங்கி வாழ்கின்றனவே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது அவர்கள் கருத்து. அரை நூற்றாண்டாகப் பல நாட்டுக் காடுகளில் சோதிக்கப்பட்டுவரும் கருத்து இது.

விலகிப் போவதற்குக் காற்று போதாதா? சமவெளியில் எருக்கும் இலவும் காற்றையே நம்புகின்றன. அடர்ந்த மழைக்காட்டுக்குள் காற்று அதிகம் புகுவதில்லை. மேலே இலைக்கூரை மூடியிருக்க, கீழே ஒரு பஞ்சு கூட அரிதாகவே அசையும். இன்னொரு சிக்கலும் உண்டு. கூரையின் கீழ் வெளிச்சம் மிகக் குறைவு. அந்த இருட்டில் முளைக்கும் கன்று, வெளிச்சம் கிடைக்கும்வரை தாய் கட்டிக்கொடுத்த சோற்றில்தான் பிழைத்திருக்க வேண்டும். ஆகவே விதை பெரிதாக, கொழுப்பும் மாவும் நிறைந்ததாக இருக்க வேண்டும். பெரிய விதை எளிதில் பறக்காது. இருட்டு விதையைப் பெரிதாக்கியது. பெரிதானதால் விதைக்குச் சுமப்பவர் தேவைப்பட்டார்.

சுமப்பவருக்குத் தரும் கூலிதான் பழம். காய் பச்சையாக, துவர்ப்பாக, இலையோடு இலையாக ஒளிந்திருக்கிறது. விதை முற்றியதும் நிறம் மாறுகிறது, மணக்கிறது, இனிக்கிறது. சுமை தயாரான பிறகே கூலி அறிவிக்கப்படுகிறது. வெப்பமண்டல மழைக்காடுகளில் பாதிக்குக் குறையாத மர இனங்கள், பல காடுகளில் முக்கால் பங்குக்கும் மேல், இப்படி விலங்குகளுக்காகவே பழம் தருபவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், களக்காடு–முண்டந்துறைக் காட்டின் காக்காச்சியில் டி. கணேஷும் பிரியா தாவீதாரும் செய்த ஆய்வுகளும் அங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை விலங்குகளையும் பறவைகளையும் நம்பியிருப்பதையே காட்டின.

3. ஆனைமலையின் சுமைகாரர்கள்

இந்தக் கூலிக்காரர்களில் முதலில் சொல்ல வேண்டியது இருவாச்சி. ஆனைமலைக் காட்டில் பெரிய இருவாச்சி பறந்து வரும்போது, பறவை கண்ணில் படுமுன் சிறகோசை காதில் விழும். மூன்று கிலோ எடை வரக்கூடிய பறவை. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். ஏறத்தாழ நான்கு மாதம் அந்தக் கீற்று வழியாகத் தாய்க்கும் குஞ்சுக்கும் ஆண் பறவைதான் உணவூட்ட வேண்டும். பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். 1990-களில் ஆனைமலையில் இந்தப் பறவையை ஆராய்ந்த ரகுபதி கண்ணன், ஆல், அத்தி இனப் பழங்களே அதன் உணவில் முதலிடம் பெறுவதைப் பதிவு செய்தார். அவற்றோடு காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம், வெள்ளகில் போன்ற பெரிய விதை மரங்களின் பழங்களையும் இருவாச்சிகள் விழுங்குகின்றன. சதை செரித்ததும் விதை கெடாமல் வெளியே வருகிறது. அதற்குள் பறவை பல மேடு பள்ளங்களைக் கடந்திருக்கும்.

இங்கே அலகின் அளவு முக்கியமாகிறது. ஒரு பறவை தன் வாய் விரியும் அளவுக்குத்தான் விழுங்க முடியும். கொண்டைக்குருவி சிறு பழங்களோடு நின்றுவிடும். குக்குறுவான் இன்னும் சற்றுப் பெரியதை விழுங்கும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய விதையை முழுதாக விழுங்கக் காட்டில் இருவாச்சியையும் மலையில் வாழும் பெரும்புறாவையும் விட்டால் பறவைகளில் அதிகம் பேர் இல்லை. சிறிய விதைக்குப் பத்துப் பேர் வேலைக்கு வருவார்கள். பெரிய விதைக்கு இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் போய்விட்டால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆளில்லை.

இரவில் வேலை மரநாய்க்குப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய், பூனையளவு உடலும் நீண்ட வாலும் கொண்டது. ஊனுண்ணி வரிசையில் பிறந்தும் பழத்தையே நம்பி வாழ்வது. களக்காட்டில் இதை விரிவாக ஆராய்ந்தவர் திவ்யா முடப்பா. பாறை மேலும் விழுந்த மரத்தின் மேலும் அது விட்டுச்செல்லும் எச்சத்தில் விதைகள் கழுவி வைத்ததுபோல முழுதாக இருக்கும். சோலைமந்திக்குக் கன்னத்தில் பை இருக்கிறது. பழத்தை அதில் அடக்கிக்கொண்டு வேறு கிளைக்குப் போய் நிதானமாகத் தின்று கொட்டையைத் துப்பும். யானை விழுங்கிய விதை சாணத்தோடு விழும். அந்தச் சாணத்தை உருட்டிப் புதைக்கும் வண்டு, விதையையும் சேர்த்து மண்ணுக்குள் அனுப்பும்.

பழம் தின்பவரெல்லாம் விதை பரப்புபவர் ஆகிவிட மாட்டார் என்பதையும் மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கிளி விதையை உடைத்துத் தின்றுவிடும். ஆலமரத்தில் கூட்டமாக இறங்கும் பச்சைப்புறாவின் வயிற்றில் வலிமையான அரைவைப்பை இருக்கிறது. அத்திப்பழ விதைகள் அதற்குள் அரைபட்டுப் போகும். அதே புறாக் குடும்பத்தைச் சேர்ந்த மலைப்பெரும்புறாவின் அரைவைப்பை மென்மையானது. விதை உயிரோடு வெளியேறும். யார் தின்கிறார், எப்படித் தின்கிறார், எங்கே போய்க் கழிக்கிறார் என்ற மூன்றும் சேர்ந்தே ஒரு விதையின் விதியை எழுதுகின்றன.

4. சுமப்போர் இல்லாத காடு

1992-இல் கென்ட் ரெட்ஃபோர்ட் ‘வெற்றுக் காடு’ என்ற கருத்தை முன்வைத்துக் கட்டுரை எழுதினார். வானிலிருந்து பார்த்தால் பச்சை குறையவே இல்லை. மரங்கள் நிற்கின்றன. வேட்டையால் விலங்குகள் மட்டும் போய்விட்டன. அந்தக் காட்டை முழுக்காடு என்று எண்ணிவிடக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. மரங்களுக்கு நீண்ட ஆயுள் இருப்பதால் இழப்பு உடனே தெரிவதில்லை. இன்று நிற்கும் காட்டு ஜாதிக்காய் மரம், நம் பாட்டன் காலத்து இருவாச்சி இட்ட விதையாக இருக்கலாம். இன்று இருவாச்சி இல்லாமல் போனால், அதன் விளைவை நம் பேரப்பிள்ளைகள் காண்பார்கள்.

இழப்பு காலநிலைக்கும் எட்டுகிறது. பெரிய விதை மரங்களில் பல, உயர்ந்து வளர்ந்து கெட்டியான கட்டை கொண்டவை. கார்பனை அதிகம் பிடித்து வைப்பவை. ஆனந்த் ஓசூரியும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் உலக வெப்பமண்டலக் காடுகளின் தரவுகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். பெரிய விலங்குகள் அற்றுப்போனால் ஆப்பிரிக்க, அமெரிக்க, தெற்காசியக் காடுகளில் கார்பன் இருப்பு குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு. காற்றால் விதை பரப்பும் பெருமரங்கள் நிறைந்த தென்கிழக்காசியக் காடுகளில் அந்த விளைவு அவ்வாறு இல்லை. நம் மலைகள் விலங்குகளையே நம்பியிருப்பவை. ஆகவே இருவாச்சியைக் காப்பது நம் காலநிலையோடும் தொடர்புள்ள காரியம்.

வால்பாறைக்குப் போனவர்கள் தேயிலை மலைகளுக்கு நடுவே ஆங்காங்கே காட்டுத் துண்டுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டங்கள் வந்தபோது மிஞ்சியவை அவை. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் அவர்கள் குழுவினரும் 2000-ஆம் ஆண்டு முதல் அந்தத் துண்டுகளை மீட்கும் பணியைச் செய்துவருகிறார்கள். தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு, உன்னிச்செடி போன்ற அயல் களைகளை அகற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு இனங்களின் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள். அந்த நாற்றங்காலுக்கு வேண்டிய விதைகளில் ஒரு பகுதி, சாலையோரத்தில் பொறுக்கியெடுத்தவை. மரநாயின் எச்சத்திலிருந்து எடுத்தவையும் உண்டு. தார்ச்சாலையில் விழுந்தால் அந்த விதைக்கு வாழ்வில்லை. மனிதக் கை அதை எடுத்து மண்ணில் சேர்க்கிறது. நட்டுப் பேணிய இடங்கள், தானே வளரட்டும் என்று விடப்பட்ட இடங்களைக் காட்டிலும் மர வகைகளிலும் கார்பன் இருப்பிலும் முன்னேறியிருப்பதை இக்குழுவின் 2019 ஆய்வு காட்டியது.

மலையின் அந்தப் பக்கம், கேரளத்தின் வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காத்துக் கணக்கெடுக்கிறார்கள். எந்த மரத்தில் எந்தப் பருவத்தில் கூடு என்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. கூட்டில் குஞ்செடுத்தவர்களின் வழிவந்தோரே இன்று கூட்டுக்குக் காவலாக நிற்கிறார்கள். காட்டைக் காப்பதில் இதைவிடப் பெரிய நம்பிக்கையை நான் அறியேன்.

5. நம் கடற்கரைக் காடு

இப்போது மலையிறங்கிச் சென்னைக்கு வருவோம். சோழமண்டலக் கரைக்கும் சொந்தக் காடு ஒன்று உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அதைச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, நீண்ட கோடையைத் தாங்கி, ஆண்டு முழுதும் இலையோடு நிற்கும் குள்ளமான காடு. உலக்கைப்பாலை, வீரை, காசா, நாவல், களா, சூரை ஆகியவை அதன் குடிகள். இவற்றின் பழங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாமே சதையுள்ளவை, வாய்க்கு ருசியானவை. மழைக்காட்டின் ஒப்பந்தமே இங்கேயும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காட்டின் பெரும்பகுதி போய், மிச்சம் கோயில்காடுகளாகவும் சில காப்பகங்களாகவும் நிற்கிறது.

கோடிக்கரையில் பி. பாலசுப்பிரமணியனும் பி. வி. போலேயும் பாலூட்டிகள் விதை பரப்புவதை ஆராய்ந்து 1993-இல் எழுதினார்கள். நரியும் மரநாயும் அங்கே தோட்டக்காரர்கள். நரியை ஏமாற்றுக்காரனாகவே கதைகளில் பார்த்துப் பழகிய நமக்கு, அதன் எச்சத்தில் முளைக்கும் மரங்களைக் கணக்கில் சேர்க்கத் தோன்றுவதில்லை.

சென்னைக்குள் மிஞ்சிய துண்டு கிண்டி. 1821-இல் அரசு வாங்கிய தோட்ட நிலம், 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது சுமார் 500 ஹெக்டேர். பின்னர் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது போக, 1978-இல் தேசியப் பூங்காவானபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். அங்கே வெளிமானும் புள்ளிமானும் நரியும் மரநாயும் இருக்கின்றன. புள்ளிமானை இலை தின்னும் பிராணியாக மட்டும் எண்ண வேண்டாம். வடக்கே ராஜாஜி தேசியப் பூங்காவில் சௌமியா பிரசாத்தும் உடன் ஆய்வாளர்களும் நெல்லி மரத்தை ஆராய்ந்து 2006-இல் எழுதியதைச் சொல்கிறேன். உதிர்ந்த நெல்லிக்கனியைப் புள்ளிமான் விழுங்குகிறது. பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கெட்டியான கொட்டையை வாய்வழியே துப்பிவிடுகிறது. மான் படுக்கும் இடம் நெல்லிக்கு நாற்றங்காலாகிறது. கிண்டியின் மான்களைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போகும்போது, அவை அந்தக் காட்டை நடுபவை என்றும் சொல்லிக்கொடுங்கள்.

மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்து 1996-இல் மறைந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், நம் மண்ணுக்குரிய மரத்தையும் அதில் வாழும் உயிரையும் சேர்த்தே பார்க்கச் சொன்னவர். அரை நூற்றாண்டு ஆங்கிலத்தில் எழுதியதோடு தமிழிலும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

6. இரவில் நம் தெருவில்

நகரத்துக்குள் சுமப்பவர்கள் குறைந்துவிட்டார்களா? வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், பலர் இன்னும் இருக்கிறார்கள். குயில் பெரும்பாலும் பழம் தின்பது. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பழுக்கும்போது காகமும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதை ஊரெல்லாம் கொண்டுபோகின்றன. மயிலையின் பழைய ஓட்டு வீடுகளின் மச்சுகளில் மரநாய் குடியிருப்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைத் திருடனைப் போலத் துரத்துகிறோம். அது நாவலையும் அத்தியையும் சுமக்கும் வேலைக்காரன்.

எல்லோரிலும் பெரிய உழைப்பாளி குறுமூக்குப் பழந்தின்னி வௌவால். நெட்டிலிங்கம், நாட்டுவாதுமை, மகிழம், புன்னை, கொய்யா எல்லாம் அதன் பாதையில் உள்ளவை. பெரிய பழமானால் வாயில் கவ்விக்கொண்டு போய் வேறிடத்தில் தின்னும். சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிடும். அத்தி, ஆல் இனத்தின் கடுகிலும் சிறிய விதைகள் மட்டும் வயிற்றுக்குள் போய், வெகுவிரைவில், பறந்துகொண்டிருக்கும்போதே வெளியேறும். பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்து எச்சமிடும். வௌவால் வெட்டவெளியிலும் விதை தூவும். மரமற்ற இடத்துக்கு மரத்தைக் கொண்டுபோகும் ஆற்றல் அதற்கு உண்டு.

இந்த உயிரை நம் சட்டம் நெடுங்காலம் எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை அது. மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் சேகரித்த ஒரு வௌவால், புதிய இனம் என்று 1972-இல் அறியப்பட்டு சாலிம் அலியின் பெயரைப் பெற்றது. அந்த ஓர் இனத்தைத் தவிர மற்ற பழந்தின்னி வௌவால்களுக்குப் பாதுகாப்பு இல்லாத நிலை நீடித்தது. 2022-இன் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டில் வௌவால் தொங்கும் ஆலமரத்துக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அதற்கு முன்பே இருந்தன. சட்டத்துக்கு முந்தி ஊர் விழித்திருந்தது.

7. விதை வருகிறது, விழ மண் இல்லை

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். வேட்டையால் வெறுமையான மழைக்காட்டில் மண் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, விதையைக் கொண்டுவர ஆள் இல்லை. தியாகராய நகரில் ஆள் இருக்கிறார். ஒவ்வோர் இரவும் விதை வந்து விழுகிறது. விழும் இடம் சிமென்ட். பாண்டி பஜாரின் நடைபாதைக் கல்லிலும், அடுக்குமாடி வாகன நிறுத்தத் தரையிலும், மழைநீர் வடிகால் மூடியிலும் விழுந்த விதைகளைக் காலையில் பெருக்கிக் குப்பை வண்டியில் கொட்டுகிறோம். அரசும் ஆலும் மட்டுமே மொட்டைமாடிச் சுவரிலும் கோபுர இடுக்கிலும் முளைத்துப் பார்க்கின்றன. மண் தேடி அலைந்து கிடைக்காத விதைகளில், சுவரிலும் பிழைக்கத் தெரிந்தவை அவை. கட்டடத்துக்குக் கேடு என்று அவற்றைப் பிடுங்குவது சரிதான். பிடுங்கிய கன்றை நடுவதற்கு ஓரிடம் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

மழைக்காட்டின் இழப்புக்கும் நகரத்தின் இழப்புக்கும் வேர் ஒன்றே. மரத்தை ஒரு தனிப்பொருளாகப் பார்க்கிறோம். நட்டால் வந்தது, வெட்டினால் போனது என்று கணக்கு வைக்கிறோம். மரம் என்பது சுமக்கும் வாய்க்கும் ஏற்கும் மண்ணுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உறவு. இரண்டில் ஒன்று அறுந்தாலும் நிற்கும் மரமே கடைசி மரமாகிவிடும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது நமக்கு நினைவிருக்கும். தெருவோரத்தில் விழுந்தவற்றில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அயல்மரங்கள் மிகுதி. அதன்பின் எதை நடுவது என்ற கேள்விக்கு நிழலையும் வேரின் உறுதியையும் வைத்து விடை தேடினோம். இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்: இந்த மரத்தின் பழத்தை யார் தின்பார்? சுமப்பவருக்கு நல்ல விதை, கெட்ட விதை என்ற பேதம் தெரியாது. உன்னிச்செடியைக் கொண்டைக்குருவியும் சீமைக்கருவேலத்தை ஆடுமாடும் நாடெங்கும் பரப்பியது அப்படித்தான். நாம் எதை நடுகிறோமோ அதையே அவை பெருக்கும். தெருவில் புன்னையும் மகிழமும் நாவலும் வேம்பும் இருந்தால், புன்னையும் மகிழமும் நாவலும் வேம்பும் வரும்.

வழிகாட்டும் முயற்சி நம் அருகிலேயே இருக்கிறது. அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிக் குப்பையும் கழிவுநீரும் தேங்கிய 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கடற்கரைக் காட்டுக்குரிய மரங்களும் புதர்களும் அலையாத்தியும் அங்கே நடப்பட்டன. ஆற்றின் அக்கரையில், 1882-இல் பிரம்மஞான சபை வாங்கிய தோட்டம் இன்றும் பெருமரங்களோடு நிற்கிறது. 1989-இல் புயலில் நடுமரம் சாய்ந்தபின்னும் விழுதுகளால் வாழும் அடையாறு ஆலமரம் அங்கேதான். இந்த இரண்டுக்கும் கிண்டிக்கும் நடுவே பறந்து திரியும் உயிர்களுக்கு, இடைப்பட்ட நம் தெருக்கள் இறங்கு துறைகள் ஆக வேண்டும்.

அதற்கு என்னிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. தெருமரத்தின் அடியைச் சிமென்ட் பூசி நெரிக்காதீர்கள். பூசியிருந்தால் உடைத்து எடுக்கக் குடியிருப்போர் சங்கம் மாநகராட்சியிடம் கேட்கட்டும். வீடு கட்டும்போது நான்கு பக்கமும் தளம் போடாமல் ஒரு மூலையை மண்ணாகவே விடுங்கள், அங்கே தானாக முளைப்பதைப் பிடுங்குமுன் என்ன செடி என்று பாருங்கள். பள்ளிகளும் கோயில்களும் விதைநாற்றங்கால் வைக்கட்டும். காலையில் பொறுக்கிய புன்னைக் கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் மாணவர்கள் பையில் இடட்டும். வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் ஆடியிலேயே விதைத்துவிட வேண்டும். வௌவால் தங்கிய மரத்தைப் பயத்தால் வெட்டாதீர்கள். அது கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாதீர்கள். மலைக்குச் சுற்றுலா போனால், காட்டுச் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள், குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். ஒரு பொட்டலத்துக்காகச் சாலையோரம் உட்கார்ந்துவிட்ட குரங்கு, காட்டுக்குள் சுமக்க வேண்டிய விதையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு பணி. உங்கள் தெருவில் எந்த மரம் எந்த மாதம் பழுக்கிறது, யார் வந்து தின்கிறார், விதை எங்கே விழுகிறது என்று ஓராண்டு குறித்து வையுங்கள். ஆனைமலைக்கு அந்தக் குறிப்பு இருக்கிறது. மயிலாப்பூருக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதை எழுத ஆய்வுக்கூடம் வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும். அடுத்த ஆண்டு இதே மேடையில் உங்களில் ஒருவர் அதைப் படித்துக் காட்ட அறக்கட்டளையினர் வாய்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியருக்கு அதைவிடச் சிறந்த நன்றி இருக்க முடியாது.